சேமித்த தானியத்தில் பூச்சி: அறிகுறியைக் கொண்டு இனங்காணலும் அடக்கும் வழியும்

தானியத்தில் பூச்சி விழுந்துவிட்டது என்று சொல்பவரிடம் எந்தப் பூச்சி என்று கேட்டால், பெரும்பாலும் ‘வண்டு’ என்ற ஒரே விடைதான் கிடைக்கும். சேமிப்பில் தங்கி வாழும் பூச்சிகளோ பல வகைப்பட்டவை. சில, தானியமணியின் உள்ளேயே வளர்ந்து முதிர்ந்த பிறகு வெளியே வருகின்றன. சில, நொய்யிலும் மாவிலும் மட்டுமே பெருகுகின்றன. இன்னும் சில, பூசணத்தைத் தின்பதற்காகவே வந்து சேர்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் ஒரே வெயில், ஒரே மருந்து என்று நடத்துவதால்தான் ஒரு மாதம் கழித்து அதே தொல்லை மீண்டும் தலைதூக்குகிறது. புழு எங்கே வளர்கிறது, அது பெருகுவதற்கு எது இடம் கொடுத்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்டுவிட்டால், செய்ய வேண்டியது ஏறக்குறையத் தானாகவே தெளிவாகிவிடும்.

முதலில் மாதிரி எடுத்துப் பார்த்தல்

மூட்டையின் வாயை அவிழ்த்து மேலாக ஒரு கைப்பிடி அள்ளிப் பார்ப்பது போதாது. அந்துப்பூச்சிகள் மேற்பரப்பை விரும்புகின்றன. துளைப்பான்கள் ஆழத்திலும் இருக்கின்றன. மாவு வண்டுகள் நொய்யும் தூசியும் சேரும் அடிப்பகுதியில் கூடுகின்றன. ஆகவே மேல், நடு, அடி, சுவரையொட்டிய பக்கம் ஆகிய இடங்களிலிருந்து தனித்தனியாக மாதிரி எடுத்து, அவற்றை ஒன்றாகக் கலக்காமல் சலிக்க வேண்டும். நெல், கோதுமை அளவுள்ள மணிகளுக்கு ஏறக்குறைய 2 மி.மீ. கண்ணுள்ள சல்லடை பொருந்தும். சல்லடைக்குக் கீழே விழுந்ததை ஒரு வெள்ளைத் தாளில் பரப்பி, சில நிமிடங்கள் இளவெயிலிலோ விளக்கின் வெப்பத்திலோ வைத்தால், குளிரில் அசையாமல் கிடந்தவையும், தொட்டவுடன் செத்ததுபோல் கால்களை மடக்கிக் கொண்டவையும் நகரத் தொடங்கிவிடும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் இனங்காணும் வேலையில் பாதி முடிந்தது எனலாம்.

உள்ளே புழு இருக்கிறதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கைப்பிடி தானியத்தை நீரில் இட்டுக் கலக்கினால் உள்ளே குடையப்பட்டவை மிதக்கும். மிதந்தவற்றில் பத்துப் பதினைந்தைப் பிளந்து பார்த்தால் பதரா, பூச்சி தின்றதா என்பது தெரிந்துவிடும். உமியோடு கூடிய நெல் நல்ல நிலையிலேயே மிதக்கக்கூடியது என்பதால் அதற்கு இச்சோதனை உதவாது. அதை நேரடியாக உரித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஈரப்பதத்தையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. ஈரப்பதமானி இல்லாதபோது, நன்கு காய்ந்த உப்பைச் சிறிதளவு எடுத்து, உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் தானியத்துடன் சேர்த்து மூடி, ஓரிரு நிமிடங்கள் குலுக்கிவிட்டுச் சற்று நேரம் அசையாமல் வைக்க வேண்டும். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டிக் கொண்டால் ஈரப்பதம் 15 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது என்று கொள்ளலாம். அந்த நிலையில் பூச்சியை விரட்டுவதற்கு முன் தானியத்தை உலர்த்துவதே முதல் வேலை. ஒட்டவில்லை என்றால் சேமிக்கத் தகுந்தது என்று பொருளாகாது, மிக மோசமாக இல்லை என்று மட்டுமே பொருள். தானியங்களைச் சேமிக்க 12 முதல் 13 விழுக்காடும், நீண்ட காலம் வைக்க அதற்கும் குறைவும் ஏற்றது. ஈரம் 9 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பெரும்பாலான இனங்களின் இனப்பெருக்கம் மிகவும் தளர்ந்துவிடும். வெப்பத்தைப் பொறுத்தவரை 25 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை அவை செழித்துப் பெருகும். 15 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிடும்.

அறிகுறி: முழு மணிகளில் துளை, உள்ளே வெற்றுக் கூடு, நீண்ட மூக்குடைய வண்டு

இது கூன்வண்டு, மூக்கு வண்டு என்றும் சொல்வதுண்டு. 2.5 முதல் 4 மி.மீ. நீளமும், செம்பழுப்பு முதல் கருமை வரையிலான நிறமும், தலையின் முன்னே நீண்டு வளைந்த மூக்கும் உடையது. அரிசிக் கூன்வண்டுக்கும் மக்காச்சோளக் கூன்வண்டுக்கும் மேலிறக்கைகளில் மங்கிய செம்மஞ்சள் புள்ளிகள் நான்கு இருக்கும். கோதுமைக் கூன்வண்டுக்குப் புள்ளியும் இல்லை, பறக்கும் திறனும் இல்லை.

பெண் வண்டு மூக்கால் மணியைக் குடைந்து, குழியில் ஒரு முட்டையை வைத்து, பசை போன்ற ஒரு பொருளால் வாயை மூடிவிடும். மூடிய இடம் கண்ணுக்குத் தெரியாது. கால்களற்ற வெண்ணிறப் புழு அந்த ஒரே மணியை உண்டு அங்கேயே கூட்டுப்புழுவாகி, வண்டான பிறகே துளையிட்டு வெளியே வரும். இந்தச் சுற்று வெதுவெதுப்பான பருவத்தில் ஏறக்குறைய ஐந்து வாரங்களில் முடிகிறது. வெளிவந்த வண்டு மேலும் சில மாதங்கள் உயிருடன் இருந்து தின்னவும் முட்டையிடவும் செய்யும். ஆகவே சலித்து வண்டுகளை அகற்றிய தானியம் பார்வைக்குச் சுத்தமாகத் தோன்றினாலும், அடுத்த தலைமுறை முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது. சலிப்பதை ஒரு கட்டுப்பாட்டு முறையாகக் கருதக் கூடாது. அது சுமையைக் குறைக்கும் முன்வேலை மட்டுமே.

செய்ய வேண்டியது, மணியின் உள்ளே இருப்பதையும் எட்டக்கூடிய முறை ஒன்றைத் தேர்வதுதான். வீட்டளவில் உள்ள சிறு அளவுக்கு உறைகுளிர் மிகவும் நம்பகமானது. உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் முட்டை முதல் வண்டு வரை எல்லாம் இறந்துவிடும். தானியம் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் ஒரே பெரிய பொதியாக வைக்காமல் சிறு சிறு பைகளாகப் பிரித்து வைப்பது முக்கியம்; பெரிய பொதியின் நடுப்பகுதி குளிர்வதற்கே ஓரிரு நாள் ஆகிவிடும். வெளியே எடுத்தபின் அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த மணிகளின்மேல் நீராகப் படியும். மூட்டைக்கணக்கில் இருந்தால் காற்றுப் புகாத அடைப்பு முறை பொருத்தமானது; அதை அடுத்துச் சொல்லும் துளைப்பானோடு சேர்த்துப் பார்க்கலாம்.

அறிகுறி: ஏராளமான மாவு, இனிப்பும் மக்கலும் கலந்த வாடை, உருளை வடிவச் சிறு வண்டு

துளை இருக்கிறது, ஆனால் மூக்குள்ள வண்டு இல்லை. மூட்டையைத் தூக்கினால் பொடி கொட்டுகிறது. தானியத்தில் ஒருவகை இனித்த வாடை வீசுகிறது என்றால் தானியத் துளைப்பானைச் சந்தேகிக்க வேண்டும். இது 2 முதல் 3 மி.மீ. நீளமுள்ள, உருளை போன்ற கரும்பழுப்பு வண்டு. தலை மார்பின் அடியில் குனிந்து மறைந்திருப்பதால் மேலிருந்து பார்த்தால் தலையே இல்லாததுபோல் தோன்றும். கூன்வண்டைப் போல் ஒரே ஒரு நேர்த்தியான துளையோடு இது நிற்பதில்லை. வண்டும் புழுவும் சேர்ந்து மணியை ஒழுங்கின்றிச் சிதைத்து, தின்பதைவிட அதிகமாகப் பொடியாக்கிவிடும். முட்டைகளை மணிகளுக்கு வெளியே இடும். பொரித்த புழு மணிக்குள் நுழைந்து வளரும்.

சேமிப்பு வண்டுகளில் இதை மிகவும் கடினமானவற்றுள் ஒன்றாகச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. நன்றாகப் பறந்து புதிய சேமிப்பிடங்களை எட்டிவிடும். 34 டிகிரி வெப்பம் இதற்கு உகந்தது. கூன்வண்டு தளர்ந்துபோகும் அளவு காய்ந்த தானியத்திலும் இது பெருகும். ‘நன்றாகக் காயவைத்துத்தானே வைத்தோம்’ என்ற குழப்பம் எழுந்தால், பெரும்பாலும் பின்னணியில் இருப்பது இந்த வண்டுதான். மக்காச்சோளத்தில் இதே சேதம் மிக விரைவாகவும் கடுமையாகவும் தோன்றி, வண்டு சற்றுப் பெரிதாகவும் பின்முனை சரிவாக வெட்டியதுபோலவும் இருந்தால், அது இதன் உறவான பெருந்துளைப்பானாக இருக்கலாம். மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த அது 1970-களின் இறுதியில் ஆப்பிரிக்காவை அடைந்து, மக்காச்சோளத்தையும் உலர்ந்த மரவள்ளியையும் பெரிய அளவில் அழித்தது.

காற்றுப் புகாத அடைப்பு செயல்படும் விதம் எளிமையானது. நன்கு உலர்ந்த தானியத்தைக் காற்றுப் புகாத பையிலோ கலனிலோ விளிம்புவரை நிரப்பி மூடினால், உள்ளே உள்ள பூச்சிகளே ஆக்சிஜனைச் சுவாசித்துத் தீர்த்துக் கரியமில வாயுவை நிரப்பும். ஆக்சிஜன் 3 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி அப்படியே நிலைத்தால், ஓரிரு வாரங்களில் அவை தின்பதை நிறுத்தி, பிறகு இறந்துவிடும். இம்முறை தோற்பதற்கு மூன்று காரணங்களையே பெரும்பாலும் காண்கிறோம். கலன் பாதி காலியாக இருந்தால் அந்த வெற்றிடத்தில் உள்ள காற்றே பூச்சிகளுக்கு நெடுநாள் போதும். அன்றாடத் தேவைக்காக அதே கலனைத் திறந்து மூடினால் ஒவ்வொரு முறையும் புதுக்காற்று நுழையும். ஆகவே அன்றாடம் எடுப்பதற்கென்று தனியே ஒரு சிறு கலன் வேண்டும். பையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் பயன் குன்றும். துளைப்பான்களோ பிளாஸ்டிக் தாளையே துளைக்க வல்லவை. எனவே வண்டு மிகுதியாக உள்ள தானியத்தைச் சலிக்காமல் அப்படியே பையில் கட்டுவது புத்திசாலித்தனம் அன்று. ஈரமான தானியத்தை இவ்வாறு அடைத்தால் அது புளித்துக் கெட்டுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அறிகுறி: மாலையில் சிறு அந்துகள் பறக்கின்றன

அந்துப்பூச்சி தெரிந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது நூலாம்படை இருக்கிறதா என்பதே. மணிகள் தனித்தனியாக உதிர்ந்து, நூல் ஏதுமின்றி, மணியின் ஒரு முனையில் வட்டமான துளையோ மெல்லிய மூடி போன்ற தோலோ காணப்பட்டால் அது நெல் அந்துப்பூச்சி. வைக்கோல் நிறச் சிறிய பூச்சியான இதன் பின்னிறக்கைகளின் ஓரத்தில் நீண்ட மயிர்க்குஞ்சம் இருக்கும். புழு ஒரே மணிக்குள் வளர்ந்து, கூட்டுப்புழுவாகும் முன்பே வெளியேறும் வழியை மெல்லிய தோல் மட்டும் எஞ்சும்படி அரித்து வைத்துவிடும். இத்தொல்லை பெரும்பாலும் வயலில், கதிர் முற்றும் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. அதனால் அறுவடையைத் தாமதப்படுத்தாமல் விரைவில் அடித்து உலர்த்துவது முக்கியத் தடுப்பாகும். மென்மையான இந்தப் பூச்சியால் தானியக் குவியலின் ஆழத்துக்குள் புக முடியாது. குவியலாகக் கொட்டி வைத்த தானியத்தில் சேதம் மேலே 30 செ.மீ. அளவோடு நின்றுவிடுவதால், மேலடுக்கை மட்டும் அகற்றித் தனியே நடத்தினால் எஞ்சியதைக் காக்கலாம். மூட்டைகளிலும் கதிராக வைத்திருப்பவற்றிலும் எல்லாப் பக்கமும் மேற்பரப்பாகிவிடுவதால் அந்த வசதி இல்லை.

மணிகள் பட்டுநூலால் பிணைந்து கட்டிகளாக இருந்தால், புழு வெளியே நின்று தின்னும் அந்துகளுள் ஒன்று என்று கொள்ளலாம். அரிசி அந்துப்பூச்சி சாம்பல் கலந்த மங்கிய பழுப்பு நிறமுடையது. மாவு அந்துகளில் ஒரு வகைக்கு முன்னிறக்கையின் வெளிப்பாதி செம்பு நிறமாகவும் உட்பாதி வெளிறியும் இருப்பதால் அதை எளிதில் அடையாளம் காணலாம். இவற்றின் புழுக்கள் கூட்டுப்புழுவாகும் காலத்தில் தானியத்தை விட்டு ஏறி, மூடியின் விளிம்பு, அலமாரியின் மூலை, கூரையின் ஓரம் என்று வெகுதூரம் செல்லும். கலனை மட்டும் கழுவிவிட்டு அலமாரியை விட்டுவிட்டால் தொல்லை தொடர்வதற்கு இதுவே காரணம். கட்டிகளை அகற்றிவிட்டு, எஞ்சியதைச் சலித்து உறைகுளிரில் வைத்து, சுற்றியுள்ள மூலை முடுக்குகளைத் துடைத்தால் பெரும்பாலும் போதும். இனக்கவர்ச்சிப் பொறிகள் ஆண் அந்துகளை மட்டுமே பிடிக்கின்றன. ஆகவே தொல்லை உண்டா, எங்கே மிகுதி என்று அறிய அவை உதவுமே தவிர, அவற்றை மட்டும் நம்பி ஒழிக்க முடியாது.

அறிகுறி: பயறுகளின் மேல் வெண்ணிறப் புள்ளிகள், பிறகு வட்டத் துளைகள்

இனங்காண்பதற்கு மிக எளிதானது பயறு வண்டு. முழுப் பயற்றின் தோலில் ஒட்டிய, தேய்த்தாலும் எளிதில் போகாத வெண்புள்ளிகள் அதன் முட்டைகள். பொரித்த புழு முட்டையின் அடிப்புறமாகவே நேராக விதைக்குள் துளைத்துச் சென்றுவிடும். வண்டு வெளிவரும் முன் தோலில் கண்ணாடிச் சாளரம்போல் ஒரு வட்டம் தெரியும். பிறகு அது துளையாகும். வெதுவெதுப்பில் ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடுவதாலும், ஒரு பெண் வண்டு நூறு முட்டை வரை இடக்கூடியது என்பதாலும், கவனிக்கத் தவறிய மூன்று மாதங்களில் பயறு முழுவதும் துளையாகிவிடுவது வியப்பன்று. வளர்ந்த வண்டு சேமிப்பில் உணவு ஏதும் உண்பதில்லை. சேதம் முழுவதும் புழுவினுடையது.

இதற்கு எண்ணெய்ப் பூச்சு நன்கு பயன்படும். ஒரு கிலோ பயற்றுக்கு 5 மி.லி. அளவில் சமையல் எண்ணெயைச் சீராகத் தடவினால் முட்டைகளுக்குக் காற்றுக் கிடைக்காமல் போகிறது, வண்டு முட்டையிடுவதும் குறைகிறது. ஏற்கெனவே விதைக்குள் புகுந்துவிட்ட புழுவை இது எட்டாது என்பதால், அறுவடை முடிந்தவுடன் செய்தால்தான் முழுப் பயன் கிடைக்கும். உடைத்துப் பருப்பாக்கி வைப்பதும் ஒரு வழி. முழு விதையைவிடப் பருப்பை இவ்வண்டு மிகக் குறைவாகவே தாக்கும்.

வெயிலைப் பயன்படுத்துவோருக்கு ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. திறந்த தரையில் பரப்புவது வண்டுகளைப் பறக்கவிடுகிறது. அவை பக்கத்து மூட்டைக்குத்தான் போகின்றன. விதைக்குள் இருக்கும் புழு சாவதற்கு மணியின் உள்வெப்பமே உயர வேண்டும். கறுப்புத் தாளின் மேல் ஓரிரு செ.மீ. கனத்தில் மட்டும் பயற்றைப் பரப்பி, ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களைக் கல்லால் அழுத்தி வைத்தால் வெப்பம் 57 டிகிரியைத் தாண்டும். அந்த வெப்பத்தில் ஒரு மணி நேரம் நின்றால் எல்லாப் பருவங்களும் இறந்துவிடும். முடிந்ததும் நன்றாக ஆறவிட்டு மூட வேண்டும். சூட்டோடு மூடிய கலனின் உட்புறம் வியர்த்து, அந்த ஈரம் பூசணத்துக்கு இடம் கொடுக்கும். விதைக்கென்று வைத்திருப்பதை இவ்வளவு சூடாக்குவதற்கு முன் சிறிதளவில் முளைப்புச் சோதனை செய்து பார்ப்பது அவசியம். அரிசியைக் கடும் வெயிலில் வைத்தால் மணி விரிசல் விட்டு நொய் மிகும். அது அடுத்துச் சொல்லும் வண்டுக்கு விருந்து.

அறிகுறி: செம்பழுப்பு வண்டுகள் உண்டு, ஆனால் முழு மணிகளில் துளை இல்லை

மாவு வண்டு, ரம்பப்பல் வண்டு, தட்டை வண்டு ஆகிய மூன்றும் இந்த அறிகுறிக்குள் அடங்கும். மாவு வண்டு 3 முதல் 4 மி.மீ. நீளமுள்ளது. ரம்பப்பல் வண்டின் மார்பின் இரு பக்கத்திலும் ஆறு ஆறு பற்கள் துருத்தியிருக்கும். உடல் தட்டையாக இருப்பதால் சரியாக மூடப்படாத பொட்டலங்களின் மடிப்பு வழியாகவே நுழைந்துவிடும். தட்டை வண்டு இரண்டு மி.மீ.க்கும் சிறியது; நீண்ட உணர்கொம்புகளை உடையது; ஈரமான தானியத்தின் முளைப்பகுதியைத் தின்னும். மூன்றுமே நல்ல முழு மணியை உடைக்க மாட்டாதவை; நொய், தூசி, பிற பூச்சிகள் விட்டுச்சென்ற பொடி ஆகியவற்றை நம்பி வாழ்பவை. ஆகவே முழு தானியத்தில் இவை பெருகியிருந்தால் இவற்றை மட்டும் கொல்வதில் பொருளில்லை. அங்கே ஏற்கெனவே வேறொரு துளைக்கும் பூச்சி இருந்திருக்கிறது, அல்லது நொய் மிகுந்திருக்கிறது, அல்லது ஈரம் கூடியிருக்கிறது. சலித்துத் தூற்றி நொய்யை நீக்குவது இங்கே உண்மையாகவே ஒரு கட்டுப்பாட்டு முறை.

மாவில் மாவு வண்டு பெருகினால் மாவு இளஞ்சிவப்பு சாயலும் நெடியும் பெறும். வண்டு சுரக்கும் குயினோன் என்னும் வேதிப்பொருள்களே அதற்குக் காரணம். அந்த நிலைக்கு வந்த மாவைச் சலித்துப் பயன்படுத்த முயலாமல் அகற்றிவிடுவதே சரி.

அறிகுறி: மயிரடர்ந்த புழுக்கள், மேற்பரப்பில் குவியலாக உரிந்த தோல்கள்

இதை அலட்சியம் செய்யக் கூடாது. காப்ரா வண்டின் புழு மஞ்சள் கலந்த பழுப்பு நிறமும், உடல் முழுவதும் மயிரும், பின்முனையில் வால்போன்ற மயிர்க்கற்றையும் உடையது. வண்டைவிடப் புழுவின் உரிந்த தோல்களே முதலில் கண்ணில் படும். வண்டு பறக்காது. ஆனால் புழு சுவர் விரிசலிலும் சாக்கின் தையலிலும் உணவின்றி ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். அந்த உறக்க நிலையில் நச்சுப்புகைக்கும் பெரிதும் ஈடுகொடுக்கும். வறண்ட, மிக வெப்பமான இடங்களில் பிற பூச்சிகள் தளரும்போது இது செழிக்கும். மயிர்கள் தோலிலும் தொண்டையிலும் எரிச்சலை உண்டாக்கும். பல நாடுகள் இதைத் தனிமைப்படுத்த வேண்டிய பூச்சியாக அறிவித்துள்ளன. இது இல்லாத நாடொன்றில் இதைக் கண்டதாகச் சந்தேகம் வந்தால், தானியத்தை இடம் மாற்றாமல், மாதிரியை மூடிய புட்டியில் இட்டு, தாவரப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தெரிவிப்பதே முறை.

அறிகுறி: தூசி தானாக நகர்வதுபோல் தோன்றுகிறது

ஒரு மி.மீ. அளவுள்ள வெளிறிய, மெல்லுடல் கொண்ட, ஆறு கால்களுடைய உயிரி என்றால் அது புத்தகப் பேன். அதற்கும் சிறியதாக எட்டுக் கால்களுடன் இருந்தால் மாவுச் சிற்றுண்ணி. இரண்டும் ஈரத்தின் அடையாளங்களே; பெரும்பாலும் பூசணத்தைத் தின்று வாழ்பவை. மருந்து எதுவும் தேவையில்லை. தானியத்தை உலர்த்தி, சேமிப்பிடத்தில் காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே வருமாறு செய்தால் அவை உலர்ந்து மடிந்துவிடும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, இரண்டு மூன்று மி.மீ. அளவுள்ள கரிய சிறு குளவிகள். இவை தானியத்தைத் தொடுவதே இல்லை. மணிக்குள் இருக்கும் கூன்வண்டு, பயறு வண்டு, துளைப்பான் ஆகியவற்றின் புழுக்களில் முட்டையிடும் ஒட்டுண்ணிகள். அவற்றைக் கண்டு பதறுவதைவிட, உள்ளே புழு இருக்கிறது என்று அவை தரும் செய்தியை ஏற்று, மேலே சொன்ன முறையில் மணிகளைப் பிளந்து பார்க்கலாம்.

அறிகுறி: குவியலின் நடுவில் சூடு, மேற்பரப்பில் கட்டியும் முளைப்பும்

ஒரு நீண்ட இரும்புக் கம்பியைக் குவியலுக்குள் செருகி, கால் மணி நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்த்தால் சூடான இடம் எது என்பது தெரியும். பூச்சிகள் கூட்டமாகச் சுவாசிக்கும்போது வெப்பமும் நீராவியும் வெளிப்படுகின்றன. தானியம் வெப்பத்தை வெளியே விடாததால் அந்த இடம் மேலும் சூடேறி, அது பூச்சிகளை மேலும் பெருக்குகிறது. 40 டிகிரியைக் கடக்கும்போது பூச்சிகள் அங்கிருந்து விலகிச் சுற்றுப்புறத்துக்குப் பரவுகின்றன. சூடான ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்த மேற்பரப்பில் நீராகப் படிவதால், அடியில் நன்கு காய்ந்த தானியமாக இருந்தும் மேலே கட்டி கட்டியாகப் பூசணம் பிடிக்கிறது, சில வேளை முளைக்கவும் செய்கிறது. மேலே ஒழுகியிருக்கும் என்று கூரையைச் சோதித்துவிட்டு விட்டுவிடுவோர் உண்டு. கூரையில் குறையில்லை என்றால் காரணம் உள்ளேதான் இருக்கிறது. குவியலைக் கலைத்து, பரப்பி, ஆறவைத்து, பூசணம் பிடித்த பகுதியை முழுவதுமாகப் பிரித்துவிட வேண்டும். பூசணம் பிடித்ததைக் கழுவியோ வறுத்தோ உண்ணலாம் என்பது ஆபத்தான நம்பிக்கை. அஃப்ளடாக்ஸின் போன்ற பூசண நஞ்சுகள் சமையல் வெப்பத்தில் முற்றாக அழிவதில்லை. அதைக் கால்நடைக்குக் கொடுப்பதும் தவறு.

தூளும் புகையும்: எங்கே, எப்போது

வேப்பிலை போன்ற உலர்ந்த இலைகளைத் தானியத்தில் போடுவது புதிதாக வரும் பூச்சிகளை ஓரளவு விலக்கலாம். மணிக்குள் இருப்பதை அது ஒன்றும் செய்யாது. தொல்லை தொடங்கிய பிறகு இலையை நம்பிக் காத்திருப்பது காலத்தை இழப்பதாகும்.

டயட்டம் மண் என்னும் நுண்தூள் பூச்சியின் மேல்தோலில் உள்ள மெழுகை உறிஞ்சி, உடலின் நீரை இழக்கச் செய்து கொல்கிறது. தானியப் பாதுகாப்புக்கென அனுமதிக்கப்பட்ட வகையை, ஒரு டன்னுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அளவில், பொதியின் மேல் குறித்தபடி கலக்க வேண்டும். இது மெதுவாகவே வேலை செய்யும். ஈரமான தானியத்தில் பயனிழக்கும். மணிக்குள் இருக்கும் புழுவை, அது வண்டாகி வெளியே வந்த பிறகே எட்டும். கலக்கும்போது மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொள்ள வேண்டும்.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது நல்லது: அவை வீட்டுக்கு உரியவை அல்ல. காற்றின் ஈரம் பட்டவுடன் அவை பாஸ்பீன் வாயுவை வெளியிடுகின்றன. 3 கிராம் மாத்திரை ஒன்று ஒரு கிராம் வாயுவைத் தருகிறது. அவ்வாயு கதவிடுக்கு, சுவர் விரிசல் வழியாக அடுத்த அறைக்கும் பரவும். அதன் நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது. வாடை தெரியவில்லை என்பது வாயு இல்லை என்பதற்குச் சான்றும் ஆகாது. படுக்கையறையை ஒட்டிய அறையில் இம்மாத்திரையை வைத்ததால் நேரும் உயிரிழப்புகள் உலகின் பல பகுதிகளில் மீண்டும் மீண்டும் பதிவாகின்றன. பெரிய கிடங்குகளில், உரிமம் பெற்றவர்கள், வாயுப் புகாத விரிப்பால் மூடி, வாயு அளவைக் காட்டும் கருவி கொண்டு சோதித்துச் செய்ய வேண்டிய பணி அது. பெருங்கிடங்குகளில் ஒரு காலத்தில் பயன்பட்ட மெத்தில் புரோமைடு, ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் வளர்ந்த நாடுகளில் 2005-லும் வளரும் நாடுகளில் 2015-லும், ஏற்றுமதிக்கு முந்தைய நடவடிக்கை, தனிமைப்படுத்தல் போன்ற விலக்குகள் தவிர, நிறுத்தப்பட்டது. அதன்பின் பாஸ்பீனின் மேல் முழுச் சுமையும் விழுந்திருப்பதால், அதைத் தவறாகக் கையாண்டு பூச்சிகளுக்குப் பழக்கிவிடுவது எல்லோருக்கும் இழப்பாகும்.

அறிகுறி: எல்லாம் செய்த பின்னும் பூச்சி திரும்பி வருகிறது

எவ்வளவு நாளில் திரும்பியது என்பதே இங்கே முக்கியத் தடயம். ஒரு வாரத்துக்குள் வண்டுகள் காணப்பட்டால் அவை மணிக்குள் கூட்டுப்புழுவாக இருந்து தப்பி வெளியே வந்தவை. செய்த நடவடிக்கை மணியின் உட்புறத்தை எட்டவில்லை என்று பொருள். பாஸ்பீன் போன்ற நச்சு வாயுவால் புகைமூட்டம் செய்திருந்தால் பெரும்பாலும் காலம் போதாமல் இருந்திருக்கும். முட்டையும் கூட்டுப்புழுவும் குறைவாகச் சுவாசிப்பதால் வளர்ந்த வண்டைவிட அதிகம் தாங்கும். ஐந்து முதல் ஏழு நாள், குளிர்ந்த பருவத்தில் பத்து நாள் வரை வாயு குறையாமல் நிற்க வேண்டிய இடத்தில், இரண்டாம் நாளே விரிப்பைப் பிரித்தால் வண்டு மட்டுமே செத்திருக்கும்.

நான்கு முதல் ஆறு வாரங்களில் திரும்பினால் ஒரு தலைமுறை முழுவதுமாக உள்ளே நடந்தேறியிருக்கிறது. முட்டைகள் தப்பியிருக்கலாம், அல்லது நடவடிக்கை முடிந்த நாளிலேயே வெளியிலிருந்து வண்டுகள் வந்து முட்டையிட்டிருக்கலாம். சுத்தம் செய்த தானியத்தைப் பழைய சாக்கிலேயே கட்டுவது இதற்குத் தலையாய காரணம். சாக்கைத் தலைகீழாகத் திருப்பி உதறினால் மட்டும் போதாது. கொதிநீரில் முக்கி எடுத்து முற்றாக உலர்த்த வேண்டும், இல்லையெனில் புதியதையே பயன்படுத்த வேண்டும். புதுத் தானியத்தைப் பழையதன் மேலேயே கொட்டும் வழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். அடியில் எஞ்சிய ஒரு படி பழைய தானியம் புதிய அறுவடை முழுவதற்கும் வித்தாகிவிடும்.

சில மாதங்கள் கழித்து, அதுவும் ஒரே மூலையில் மட்டும் தோன்றினால், தானியத்தை விட்டுவிட்டு அந்த இடத்தை ஆராய வேண்டும். தரை விரிசல்களில் படிந்த மாவு, மரச்சட்டத்தின் இடுக்கு, பக்கத்தில் வைத்த கால்நடைத் தீவனம், பறவைகளுக்கான தானியப் பொட்டலம், மறந்துபோன ஒரு பழைய டப்பா ஆகியவற்றில் ஏதோ ஒன்று ஊற்றாக இருக்கும். விரிசல்களைச் சுரண்டி, உறிஞ்சி எடுத்து, பூச்சு இட்டு அடைத்து, மூட்டைகளைச் சுவரிலிருந்து தள்ளி, தரைக்கு மேலே மரச்சட்டத்தில் அடுக்க வேண்டும்.

கசிவின்றி, உரிய அளவில், உரிய நாள் வரை புகைமூட்டம் செய்தது உறுதியாகத் தெரிந்தும் உயிருள்ள வண்டுகள் கிடைத்தால், எதிர்ப்பாற்றல் பெற்ற கூட்டத்தைச் சந்தேகிக்கலாம். தானியத் துளைப்பான், மாவு வண்டு, தட்டை வண்டு ஆகியவற்றில் பாஸ்பீனைத் தாங்கும் கூட்டங்கள் பல நாடுகளில் அறியப்பட்டுள்ளன. அப்போது அளவைத் தன்னிச்சையாகக் கூட்டிப் பார்ப்பது நிலைமையை மோசமாக்கும். உயிருடன் பிடித்த வண்டுகளை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, குளிர்விப்பு, காற்றுப் புகாத அடைப்பு, டயட்டம் மண் போன்ற வேறு வழிக்கு மாற வேண்டும். எந்த வழிக்கு மாறினாலும், வெப்பமான பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதே நான்கு இடங்களிலிருந்து மாதிரி எடுத்துச் சலித்து, கிடைத்தவற்றின் இனத்தையும் எண்ணிக்கையையும் தேதியிட்டு எழுதி வைத்தால், எண்ணிக்கை இறங்குகிறதா ஏறுகிறதா என்பது அடுத்த தலைமுறை வெளிவருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.